மூன்று நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைக்கக் கூடாது

நேற்று கவிதா, மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அரிசி மூட்டை அடுக்கை நகர்த்தினாள். பின்னால் சுவரோரம் உன் த்ரோபால் பந்து கிடந்தது. காற்று இறங்கி, ஒரு பக்கம் சப்பையாகி, தவிட்டு வாசனையோடு. நீ இறந்தபின் அதைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை.

அமெரிக்கா வந்து சான்டா கிளாராவில் இந்தக் கிடங்கை நான் எடுத்த வருடம் வந்து நின்றாய். "முதலாளியம்மா, சண்டே இந்த எடம் சும்மாதான கெடக்கு? ஒரு நெட் கட்டிக்கிறோம்." யாரெல்லாம் என்றேன். உன்னைப் போலவே புருஷன் விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் வந்து, கடைக்குப் போகவும் புருஷன் டிரைவ் பண்ண வேண்டியிருக்கிற பெண்கள் என்றாய். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடியவர்கள், கல்யாணத்துக்குப் பின் பந்தைத் தொடாதவர்கள். வாடகை கேட்டேன். "தர்றேன், அடுத்த ஜென்மத்துல" என்று நெட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

ஒருநாள் பந்து ரேக்கின் மேல்தட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் திங்கட்கிழமைதான் வருவார். "ஒரு பந்து எடுக்க ஒரு ஆம்பள வரணுமாடி? எங்களுக்கே ஓட்டக் கத்துக்குடு" என்றாய். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். அடுத்த மாதமே பயிற்சியாளரைப் பிடித்து வந்தாய். முதல் நாள் நீதான் துவரம்பருப்பு மூட்டைகளைக் குத்திக் கிழித்தாய். தரையெல்லாம் பருப்பு, கூட்டிக்கொண்டே சிரித்தாய். உன்னோடு சர்டிபிகேட் வாங்கியவள் இந்தக் கவிதா.

போன வாரம் அவள் கணவனுக்கு வேலை போய்விட்டது. நேற்று வேலை கேட்டு வந்தாள். ஓட்டிக் காட்டு என்றேன். அப்போதுதான் பந்து கிடைத்தது. அதற்குள் அவனிடமிருந்து போன். "அக்கா, அவ எம்.பி.ஏ. படிச்சவ. பில்லிங்ல போடுங்க. மூட்ட தூக்குறாள்னு ஊர்ல தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கவிதா சொன்னாள்: "மூட்டைய நான் தூக்கலங்க, வண்டி தூக்குது. பில்லிங்ல ஆள் இருக்காங்க."

ஊர்ப்பேச்சு எனக்குப் பெரிதில்லை. இரண்டு மாதத்துக்குள் அவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் குடும்பமே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இவளுடைய வேலை அனுமதி அவனுடைய விசாவில் தொங்குகிறது. எப்போது போவாள் என்று தெரியாதவளை நம்பி எந்த வியாபாரி ஆள் போடுவாள்? நீ இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. இத்தனை பேரைத் தயார் செய்த உனக்கு அந்த அனுமதி கடைசிவரை வரவில்லை. அதற்கு முன் நோய் வந்தது. ஒரு நாள் சம்பளம்கூட வாங்காமல் போய்விட்டாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஆட்டத்தில் யாராவது தயங்கினால் கத்துவாய்: "மூணு செகண்டுக்கு மேல வெச்சிருந்தா ஃபவுல்டி. பிடிச்சியா, எறி." பொறுத்துப் பார்த்து முடிவெடுத்தே சம்பாதித்தவள் நான். நேற்று அந்தச் சப்பைப் பந்தோடு வெகுநேரம் நின்றேன். உன் கணக்குப்படி நான் செய்தது எத்தனையோ ஃபவுல்.

இன்று காலை கவிதாவிடம் பேசி முடித்தேன். மணிக்கு இருபத்தாறு டாலர், ஆண்களுக்குக் கொடுக்கிற அதே கூலி. வேலை ஃபோர்க்லிஃப்டில்தான், பில்லிங்கில் இல்லை. கிளம்ப நேர்ந்தால், அதற்குள் இன்னும் இரண்டு பெண்களுக்கு அவள் ஓட்டச் சொல்லித்தந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு. நெட்டும் புதுப் பந்தும் என் செலவு.