மாற்றியும் மாறாத நூறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நேற்று வேலையில் ஒரு கூத்து. ஆஸ்பத்திரியின் மருந்து விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் சர்வரில் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் நுழையலாம். அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பில் அந்த வரம்பை இருநூறாக மாற்றி, சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். அது நூறிலேயே நின்றது. மறுபடியும் மாற்றினேன், மறுபடியும் நூறு. நான் நிறுத்தும்போதெல்லாம் குழந்தைகள் வார்டில் கணினித் திரைகள் இருண்டன. தலைமை நர்ஸ் என் அறைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, விளையாடுறியா? எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசின்னு தெரியாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம்."

கடைசியில், எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று சர்வரையே கேட்டேன். அது வேறொரு இடத்தைக் காட்டியது. போன மாதம் சர்வர் மென்பொருளின் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தோம். நான் பழைய பதிப்பின் கோப்பையே திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சரியான கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் தீர்ந்தது.

இனி வருவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு குழந்தைக்கு ஊசி தாமதமாகிவிட்டதாம். இன்னும் கண் விழிக்கவில்லை. என்னால்தானா என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள், இங்கே குளிர் தாங்கவில்லை. வீட்டில் எல்லாரும் பேசுவதைக் கொஞ்சம் பதிவு செய்து அனுப்பினாலும் நல்லது.

வார்டிலிருந்து போன் அடிக்கிறது. எடுக்கத்தான் வேண்டும்.

உங்கள் மகள்