கை எடுக்க வேண்டிய இடம்

டோலிடோ, 9 மார்ச் 1957

என் கண்ணு டெஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. அலாஸ்கா குளிரில் நீ இருமாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இங்கே நான் நலமாக இருக்கிறேன், ஊரில் அப்பாவுக்கும் முட்டிவலி தேவலையாம்.

இன்று காலை எழுந்ததும் முதலில் கண்ணாடி முன் நின்று கழுத்துத் துண்டை அவிழ்த்தேன். ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் கட்டைவிரல், கருநீலமாய்ப் பதிந்திருந்தது. மெல்லப் பாடிப் பார்த்தேன், கீழ்ச் சுரம் வந்தது, மேல் சுரம் பாதியில் உடைந்தது. எங்கள் குழுவின் இந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரே காட்சியில் இரண்டு சின்ன ஓபரா நாடகங்கள், முதலாவதில் ராய் ஹாஸ்கெல் என்னை நெரித்துக் கொல்லும் புருஷன், இடைவேளைக்குப் பின் என்னைக் கொஞ்சும் காதலன். மேடையில் நெரிப்பவன் பலம் காட்டக்கூடாது, நான்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்து என் கழுத்தோடு இழுத்துக்கொள்வேன், நான் பிடியை விட்டால் அவன் கையை எடுத்துவிட வேண்டும். நேற்று மதியம் விட்டேன், அவன் எடுக்கவில்லை. வாத்தியக்குழுவை நடத்தும் கெம்ப், நான் கடைசி வரிக்கு மூச்சு எடுப்பதாக நினைத்து, மரியாதைக்கு, நெரிக்கும்போது வாத்தியங்கள் பிடிக்கும் அந்த ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே போனார். ராயின் முழங்காலில் உதைத்தேன், அவன் மோதி மேடை நாற்காலி உடைந்தது, கன்னத்தைக் கீறினேன், ரத்தம் என் கையில் வழிந்தது, சனம் எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் ராய், "சுரம் முடிஞ்சாத்தானே கையை எடுக்கணும்? அவரு முடிக்கவே இல்லையே, லெனோரா!" என்கிறான். கெம்ப், "உனக்காகத்தாம்மா காத்துக்கிட்டிருந்தேன், ஆனா பிரமாதம், நாளைக்கும் இப்படியே வெச்சுக்கலாம்" என்கிறார். உடை மாற்றிவிடும் பெர்ட்டா கழுத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டே, "அடுத்ததுல முத்தம் குடுப்பான்ல, உதட்டைக் கடிச்சு வெச்சிரும்மா" என்றாள். சிரித்தேன், வலித்தது. உன்னிடம் மறைப்பானேன், அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது, மூச்சு வராமலேயே குனிந்து வணங்கினேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ நூறாண்டு நன்றாயிரு, கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவுக்கு இதை எழுதிவிடாதே, வேட்டைத் துப்பாக்கியோடு காரில் கிளம்பிவிடுவார். மேடையின் வலப்பக்கம் இருப்பது நிஜமாகவே திறக்கிற கதவு. இன்று மதியம் ராய் கை நீட்டும்போது அதைத் திறந்துகொண்டு, கடைசி வரியைப் பாடியபடியே உயிரோடு வெளியே போய்விடப் போகிறேன். பெர்ட்டாவிடம்கூடச் சொல்லவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா லெனோரா