தினமும் உன் நாட்டுக்கு வந்து போனேன்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும், எந்நேரமும் எனக்கு அந்த நினைப்புதான். குட்டிக்குச் சளி விட்டதா. போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் அறுந்துபோகிறது, அதனால் பேப்பரில் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி.

போன மாசம் முழுக்க நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை, என்னம்மா கோபமா என்று நீ கேட்டபோதும் வெடுக்கென்று வைத்துவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. தம்பி போய் எட்டு மாசம் ஆகிறது. அவன் போனும் அவனோடு லாரிக்கு அடியில் நசுங்கிவிட்டது, அவன் குரல் என்று மிச்சம் இருந்தது அவன் நெட்டில் போட்டு வைத்த ரிப்பேர் வீடியோக்கள்தான். ஊரில் கலவரம் என்று சொல்லி அரசாங்கம் அந்தத் தளத்தையே மூடிவிட்டது. அயர்ன் பாக்ஸுக்கு வயர் மாற்றுவதைப் பார்த்தால் இவர்களுக்கு என்ன பயமோ. ரீசார்ஜ் கடைக்காரர்தான் என் போனில் விபிஎன் என்று ஒன்று போட்டுக் கொடுத்தார். திறந்தால் வரிசையாகக் கொடிகள் வரும், ஒரு கொடியைத் தொட்டால் நாம் அந்த நாட்டில் இருக்கிற மாதிரி ஆகிவிடும், அங்கே பூட்டு இல்லை என்றார். நான் உன் நாட்டுக் கொடியைத்தான் தொடுவேன். ஆஸ்பத்திரி லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பெட்ஷீட் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் துடைத்து, தலையைச் சரிசெய்துகொண்டு தொடுவேன். நான் வந்தது உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். தினமும் போகிறேன், வந்தாயா அம்மா என்று ஒரு நாளாவது கேட்டாளா என்று எனக்கு மனத்தாங்கல். கடைக்காரரிடம் சொல்லிக் குறைபட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அங்க ஒரு மெஷின்தான்க்கா இருக்கு, உங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நீ இல்லாத இடத்துக்கா இத்தனை நாள் போனேன் என்று அழுகையாகவும் வந்தது.

இப்போது அதுவும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் போலீஸ் போனை வாங்கித் தடவிப் பார்க்கிறார்கள், என்னோடு துணி மடிக்கிறவளின் போனில் அது இருந்தது என்று இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். கேள்விப்பட்டதும் அப்பா என் போனை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர், "போனவன் போயிட்டான்டி, உன்னையும் கொண்டுபோயிட்டா நான் யார் மூஞ்சியப் பாத்துட்டு இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார், பக்கெட் நிரம்பி வழிந்தும் மூடவில்லை. அவரை ஒன்றும் கேட்காதே. கடைக்குப் போனேன், சீல் வைத்திருக்கிறது. வீடியோவை முன்னாலேயே போனில் இறக்கி வைத்திருக்கலாமே என்பாய், அப்படி ஒன்று முடியும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மெமரி கார்டு அனுப்பாதே, பக்கத்து வீட்டு டெய்லருக்கு வந்ததைத் தபால் ஆபீசிலேயே எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் ஒன்று செய். மிக்சி வீடியோவில் பின்னால் நான் பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன், அவன் திரும்பாமலே, "அது எங்கம்மா, அதுக்கு வாரண்டி கிடையாது" என்பான். அதைத் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை அவன் சொன்னதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. எனக்குப் படிக்க வருகிற மாதிரி பெரிய எழுத்தாக எழுது. திருத்தாதே, அவன் தடுமாறினால் தடுமாறியபடியே எழுது, மூக்கை உறிஞ்சினால் அதையும் எழுது. அவன் பேசாமல் ஸ்க்ரூ முடுக்குகிற இடத்தில் அத்தனை நேரத்துக்கும் காகிதத்தில் வெறும் இடம் விட்டுவிடு கண்ணு, நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, குட்டியை அதட்டாதே. மூன்று பேரும் நூறு வயசு இருக்க வேண்டும். கவரை நன்றாக ஒட்டு, அப்பா பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கே போடு.

உன் அம்மா