இடது அறைக் கரடி

பறவைப் பகுதியில் வேலை பார்க்கும் ஒல்லிக்கு, கரடிப் பகுதியிலிருந்து உன் பழைய கூட்டாளி எழுதிக்கொள்வது.

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழித்துக்கொள், ஆனால் படித்துவிட்டுக் கிழி. நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. உங்கள் பூங்கா ஆபீசுக்கும் பேசினேன். எதுவானாலும் எங்கள் டைரக்டர் மூலமாகத்தான் வர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால்தான் வரிக்குதிரைகளை ஏற்றிவர அங்கே கிளம்பும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்து, உன் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். போன மாதம் இங்கிருந்து அங்கே வந்த கரடி, வர வேண்டிய கரடி இல்லை. வந்திருப்பது மாமியார்.

இங்கே எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் இரண்டுமாக நிற்கிற விலங்குகளை மற்ற பூங்காக்களுக்குக் கொடுத்துவிட்டு, கூட்டமாக வாழ்பவற்றை மட்டும் வைத்துக்கொள்வதாம். நரிகள் போயாயிற்று, நீர்நாய் போயாயிற்று. மருமகளை உங்களுக்குக் கொடுத்து வரிக்குதிரை ஜோடியை வாங்குவது, இதயம் பலவீனமான மாமியார் கடைசிவரை இங்கேயே இருப்பது என்று முடிவானது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பெயர் வைத்தவன் நீதானே. நாம் எதைச் செய்தாலும் குறை கண்ட மாதிரியே பார்க்கிறாள் என்று பெரியவளுக்கு மாமியார். அவள் வெயிலில் இடம் பிடிக்கும்வரை ஒதுங்கி நிற்கிறாள் என்று சின்னவளுக்கு மருமகள். அதையெல்லாம் ஆபீஸ் காகிதத்தில் எழுத முடியுமா என்று கிளார்க் சிரித்தார். "எந்த ரூம்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். இடது அறை என்றேன். நமக்கு இடதும் வலதும் எப்போதும் பின்பக்க வராந்தாவிலிருந்துதானே? புதிதாக வந்த டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பார்வையாளர்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

ஏற்றும்போது நீ எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்பாய். தீவன அறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் போவதைப் பார்க்க மனசு வரவில்லை. டாக்டர் வெளியிலிருந்து, "லெஃப்ட் ரூம்தானே அண்ணே?" என்று குரல் கொடுத்தார். தலையைக்கூடத் தூக்காமல் ஆமாம் என்றேன். வாழைப்பழத்தைக் காட்டியதும் அவள் தானாகவே கூண்டுக்குள் நடந்து போய்விட்டாளாம். சாயங்காலம் வராந்தாவுக்குள் நுழைந்தால் வலது அறை காலி. இடது அறையில் மருமகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

டைரக்டரிடம் ஓடினேன். "கரடிக்குக் கரடி போயிருக்கு. கையெழுத்தும் ஆயிடுச்சு. இப்ப மாத்திச் சொன்னா நாலு பேர் சிரிப்பாங்க, வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். மூடிக்கொண்டேன். போன இடத்தில் நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நான்கு நாளைக்கு முன்பு டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: புதிதாக வந்த விலங்கைத் தனியாக வைத்திருக்கும் ஒரு மாதம் முடிகிறது, வரும் வெள்ளிக்கிழமை அங்கே அவளுக்கு மயக்க ஊசி போட்டு முழுப் பரிசோதனை செய்யப் போகிறார்களாம். அவளோடு வந்த கோப்பு மருமகளுடையது. அதில் இதயத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. எடுத்துச் சொல்லுங்கள் என்றால், டைரக்டரைக் கேளுங்கள் என்கிறார் டாக்டர்.

மாமியாருக்குப் பல் பிடுங்கிய அன்று நீ கூட இருந்தாயே. பாதி மருந்திலேயே அவளுக்கு மூச்சு நின்றது. பழைய டாக்டர் மார்பை அழுத்த, நீதான் ஆக்ஸிஜன் குழாயை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தாய். இனி இவளுக்கு மயக்கமே கூடாது என்று அவர் சிவப்பு மையில் எழுதிய காகிதத்தை இங்கேயே தங்கிவிட்ட அவள் கோப்பிலிருந்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ போய் அவள் வாயைப் பார். கீழ்வரிசையில் ஒரு கோரைப்பல் இருக்காது. எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன், நான் சொல்லிப் பட்டது போதும். இரண்டு பக்கமும் பார்.

ஒரு கீப்பர் பேச்சை நம்பி எப்படி நிறுத்துவது என்று உங்கள் டாக்டர் கேட்பார். அதற்காகத்தான் எல்லாவற்றையும் என் கையால் எழுதியிருக்கிறேன். பொய் சொல்கிறவன் தன்மேலேயே பழி போட்டுக்கொள்ள மாட்டான் என்று சொல்.

அப்படியென்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மருமகள் வராந்தாவுக்கு வந்து தீவன மூட்டைகளைக் கிழித்தாளே, அன்று கதவைப் பூட்டாமல் விட்டவன் நீ இல்லை. உன் சாவியை வாங்கிக்கொண்டு கடைசியாக உள்ளே போனவன் நான். விசாரணையில் எனக்கு எதுவும் தெரியாது என்றேன். பழியை உன்மேல் போட்டு உன்னை அங்கே மாற்றியபோதும் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் செய்ததையே இந்த ஒரு மாதம் அவளுக்கும் செய்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை முழுசாகக் காட்டு. கதவைப் பற்றி எழுதியதையும் மறைக்காதே. எனக்கு வேலை போகும், போகட்டும். நீ என்னோடு பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அவர்கள் ஊசியோடு வரும்போது அவள் அறை வாசலில் நீ நின்றால் போதும்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்று கதவைப் பூட்ட மறந்தவன்.