அழித்த பென்சில் கோடுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டி வலி மட்டும் விசுவாசமாகக் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம்தானே, அவளுக்குச் சளி விட்டதா? மனசுதான் சரியில்லை, அதற்குக் காரணம் நீ அனுப்பிய நாவல், அதனால் சுற்றி வளைக்காமல் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

"சும்மா படிச்சுப் பாரும்மா, பொழுது போகும்" என்று போனில் சொன்னாய். மில்லில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வாரம் படித்தேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய துறைமுக ஊர், ரொட்டி சுடுகிற ஒருத்தி, அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு கப்பலேறிப் போன புருஷன். பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது. மாவுக் கையோடு அடுப்படியில் நின்று அவள் ஆண்டவரிடம் சண்டை போடுகிற இடத்தில் அழுதே விட்டேன், பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, உன் காதில் விழக்கூடாதென்று. அந்த ஒரு பக்கத்தை எழுதிய கைக்கு முத்தம் கொடுக்கலாம். அப்புறம் அவன் நொண்டிக்கொண்டு திரும்பி வருகிறான். ஆலயத்தில் மெழுகுவத்தி எரிகிறது, போதகர் ஒரு வசனம் சொல்கிறார், இவள் முழங்கால் போடுகிறாள், எழுந்திருக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் அவனுக்குப் புதுச் சட்டை தைக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதைதானே என்று மூடி வைத்திருப்பேன். ஆனால் உன் அப்பா நம்மை விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து உன் அம்மா மில்லில் நெய்த துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறவள் என்பதை நீ மறந்துவிட்டாய். துணியை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் அறுந்த இழை தெரியும். பழக்கதோஷம், புத்தகத்தையும் ஜன்னல் பக்கம் சாய்த்துத்தான் பிடித்தேன். மன்னிப்பு வருகிற இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருக்கிறாய். பதினோரு இடம். கோடு போனாலும் தாளில் அழுந்திய தடம் போகவில்லை. ஏன் இந்த வேலை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். முந்தாநாள் உன் அத்தை போன் செய்து, "அண்ணன் ரொம்ப இளைச்சுட்டார் அண்ணி, வாயைத் திறந்தா உங்க பேச்சுதான், உங்க மக எல்லாம் சொல்லியிருப்பாளே" என்றபோது புரிந்துவிட்டது. அவரோடு இருந்தவள் போய்விட்டாள், அவருக்கு முடியவில்லை, இங்கே வந்து என்னோடு இருக்க வேண்டும். இதை என்னிடம் நேராகக் கேட்க உனக்கு வாய் வரவில்லை, ஒரு ரொட்டிக்காரியைத் தூது அனுப்பினாய்.

அந்த நாவலில், அவன் போனதற்கும் வந்ததற்கும் நடுவே 'ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. எனக்கு இருபத்திரண்டு வருஷம், ஒன்றுகூட உருளவில்லை, ஒவ்வொன்றையும் தள்ளினேன். நான் தள்ளியதை விடு. பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டுமென்று நீயே பஸ் ஏறி அவர் வேலை பார்த்த கடிகாரக் கடைக்குப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே உட்கார்ந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். சாயங்காலம் வரை வாசலில் நின்றுவிட்டு வந்து, "அப்பா ஊர்ல இல்லம்மா" என்று என் மனசு நோகாமலிருக்கப் பொய் சொன்னாய். உனக்கு அப்போது பதினோரு வயது. மறுநாள் கடை முதலாளியே என்னிடம் வந்து சொன்னார், உனக்குத் தெரியக்கூடாதென்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அதை எந்த ரப்பரால் அழித்தாய்?

அவர் நாசமாய்ப் போகட்டும் என்று ஜெபித்த காலம் உண்டு. இப்போது வலியில்லாமல் இருக்கட்டும் என்று ஜெபிக்கிறேன். இவ்வளவு தூரம் வருவதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று, இதற்கு மேல் என்னால் ஆகாது. இந்த வீட்டுக்குள் அவர் வேண்டாம். உன் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். நீ வந்து அவரைப் பார், உன்னைப் பெற்றவர், தடுக்க மாட்டேன். ஆனால் வந்தால் நீ தங்குவது இங்கேதான்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். சின்னவளை வெளியே தூக்கிக்கொண்டு போனால் காதை மூடிக் குல்லா போடு. புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நானும் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன், அந்த ஒன்பது ஆண்டுகள் உருண்டோடிய வரிக்குக் கீழே. பேனாவில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா