கருவாட்டுத் தண்ணீர் குடித்த கன்றுகள்

வியாசர்பாடி
8-6-52

என் செல்ல மகள் தாயம்மாவுக்கு அப்பா லோகநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், உடம்புக்குப் பெரிய நோவு ஒன்றும் இல்லை. தங்கவயலில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கிற சின்ன உயிரும் சுகமென்று சேதி வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். ஏழாம் மாசம் பிறந்துவிட்டது, தலைப்பிரசவத்துக்கு எப்போது கிளம்பி வரட்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய். இத்தனை நாள் பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே கண்ணு. வா என்று எழுத முடியாதபடி இங்கே ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொல்லாமல் உனக்கு வேறு எதையும் எழுத எனக்கு வரவில்லை.

மழை முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சென்று உனக்கே தெரியும். புழல் ஏரி வெடித்துக் கிடக்கிறதாம். தெருக்குழாயில் விடியற்காலம் கொஞ்ச நேரம் காற்றோடு காற்றாகத் தண்ணீர் வருகிறது, அதற்கு நடக்கிற சண்டையில் உன் அம்மாவின் கண்ணாடி வளையல் அத்தனையும் உடைந்து போச்சு. இந்த லட்சணத்தில் ஊரைப் பச்சையாக்க வேண்டுமென்று எங்கள் தோட்ட ஆபீசில் கடற்கரை ரோடு நெடுக தூங்குமூஞ்சிக் கன்று நட்டு, இரும்புக் கூண்டு போட்டு, தண்ணீர் ஊற்ற என் மாட்டு வண்டியை விட்டார்கள். மரம் வைப்பது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை, அந்த ரோட்டில் மூட்டை தூக்குகிறவன் ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. ஆனால் பீப்பாய் நிறைய நல்ல தண்ணீரைக் குப்பத்து வழியாக ஓட்டிக்கொண்டு போய், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு எதிரிலேயே செடிக்கு ஊற்றுகிற வேலை இருக்கிறதே, அதை நம் விரோதிக்கும் கொடுக்கக்கூடாது அம்மா.

அந்தக் குப்பத்தில் பவுனம்மாள் என்று ஒருத்தி, கருவாடு போட்டு விற்கிறவள், வாய் என்றால் அப்படி ஒரு வாய். போன வருஷம் வரையில் என் வண்டி வந்தால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவாள், நாம் எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் ஒரு நாள் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்று, அண்ணே, கொயந்தைக்கு நாக்கு வறண்டு பூட்ச்சு, மரம் நாளைக்கிக் குடிக்கட்டும், ஒரு கொடம் வுடு அண்ணே என்றாள். அவள் வாயால் அண்ணே என்று கேட்டதும் எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. விட்டேன். ஒருத்திக்கு விட்டபிறகு அடுத்தவளுக்கு இல்லையென்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? தினமும் பாதிப் பீப்பாய் குப்பத்துக்கே போயிற்று, கன்றுகளுக்கு நாக்கு நனைகிற அளவுதான்.

இதனால் நான் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அந்தப் பெண்கள் என்னைக் கேட்காமல் ஒரு யோசனை பண்ணியிருக்கிறார்கள். ஓவர்சீயர் வந்து பார்த்தால் மண் ஈரமாக இருக்கவேண்டுமே என்று, நான் வண்டியைத் திருப்பின பிறகு கருவாடு ஊறின தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு ஊற்றியிருக்கிறார்கள். மீன் கழுவின தண்ணீரில் அவர்கள் வீட்டு முருங்கை கொழுத்து வளருமல்லவா, அந்த நினைப்பு. உப்பிலேயே பிறந்து உப்பிலேயே கிடக்கிறவர்களுக்கு அது உப்பென்று தோன்றவில்லை. அந்த ரோட்டில் எங்கே மோந்தாலும் மீன் வாடைதான், எனக்கும் சந்தேகம் வரவில்லை, நாம் ஊற்றின கொஞ்சத்துக்கே இவ்வளவு ஈரம் நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், மடையன். கொஞ்ச நாளில் இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்து போச்சு. கூண்டுக்குக் கூண்டு பூனை உட்கார்ந்து மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஓவர்சீயர் சுப்பராயன் குனிந்து மண்ணை எடுத்து மோந்து பார்த்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோளில் தட்டி, லோகநாதா, குப்பத்து ஜனங்க வேணும்னே மரத்தைக் கெடுத்துட்டாங்கன்னு பெரிய ஆபீசர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு, உன் வேலைக்கு ஒண்ணும் வராது, அந்தக் குடிசைங்களை எடுத்துட்டு புல்லு போட்டு பெஞ்சு போட்டா நாலு பெரிய மனுஷங்க வந்து காத்து வாங்குவாங்க என்றார். அடப்பாவி, காற்று வாங்க வருகிறவனுக்காக அங்கேயே பிறந்தவனைத் துரத்துவாயா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரிய ஆபீசர் கேட்டபோது, நான்தான் ஐயா, நல்ல தண்ணீருக்குக் காத்திருக்க அலுப்புப்பட்டு உப்புக் கிணற்றில் மொண்டு ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன். வண்டியையும் மாட்டையும் வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிற வரையில் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் ஆபீஸ் கொடுத்த இந்த லைன் வீடும் போகும்.

உன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்தபோது, நம்மளைக் கண்டா ஒதுங்கிப் போனவளுக்காவ பொயப்பையே வுட்டுட்டு வந்துகீறியே, புள்ளத்தாச்சி பொண்ணை எந்தத் தெருவுல படுக்க வெப்பே என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான்.

நேற்று மத்தியானம் பவுனம்மாள் நம் தெருவுக்கே வந்தாள், கூடவே குப்பத்து மருத்துவச்சி பச்சையம்மா. தெரு மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. நானே ஆபீசுல போயி ஒத்துக்கறேன் அண்ணே, நீ இன்னாத்துக்குப் பலியாவுறே என்று அழுதாள். நீ சொன்னால் உன்னோடு போகாது, குப்பமே போகும், பேசாமல் கிட என்று அதட்டினேன். அழுது முடித்து நம் வாசற்படியிலேயே உட்கார்ந்தவள் உன் அம்மாவைப் பார்த்து, யக்கா, தொண்டை காயுது, கொஞ்சம் தண்ணி குடு என்றாள். வீட்டில் இருந்தது அடிப்பானையில் ஒரு சொம்புதான். உன் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள், சரி, இன்றைக்குக் கலாட்டாதான் என்று நினைத்தேன். உள்ளே போய் அந்த ஒரு சொம்பையும் கொண்டுவந்து கொடுத்தாள். பவுனம்மாள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை தாயம்மா, சொம்பில் வாய் வைத்துக் குடித்தாள், மிச்சத்தைப் பச்சையம்மாவிடம் நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. புறப்படும்போது பச்சையம்மா உன் மாசக் கணக்கை விசாரித்து, வலி எடுத்தா எந்நேரமானாலும் ஆளை அனுப்புங்க, நான் வந்து பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை என்னவாகும் என்று தெரியவில்லை, தூக்கமும் இல்லை. உனக்கு வராதே என்று எழுத ஒரு கார்டு வாங்கிக் கூரையில் செருகி வைத்திருந்தேன். இன்று காலையில் உன் அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டு, கவர் ஒன்று வாங்கிவந்து கையில் கொடுத்து, பொண்ணை வரச்சொல்லி எயுதுய்யா என்றாள். அதனால் வா கண்ணு. இந்த வீட்டில் இருப்போமோ வேறு எந்தச் சந்தில் இருப்போமோ, எங்கே இருந்தாலும் ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். மாப்பிள்ளையைக் கூட வரச்சொல், தனியாக ரயில் ஏறாதே, பாரம் தூக்காதே.

பகவன் புத்தர் அருளால் தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நீண்ட நாள் வாழவேண்டும். மறக்காமல் ஒன்று செய். ஜோலார்பேட்டையில் வண்டி நிற்கும்போது பெரிய கூஜா நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வா. நீ வந்து இறங்கியதும் குடிக்கக் கேட்டால், உன் அப்பன் கொடுக்க வைத்திருப்பானோ என்னவோ.

உன் மேல் உயிரான அப்பா,
தண்ணீர் வண்டி லோகநாதன்