இதயம் நீங்கலாக

ஜூன் 3, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பேக்கிங் பிரிவில் எல்லோரும் அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்பிரிங் பெட்டி ஒன்றுகூட லோடு ஏறவில்லை. முதலாளி முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

மதியம் கேரம் சங்கச் செயலாளரிடமிருந்து செய்தி. மூத்தோர் போட்டி, பெண்கள் இரட்டையர், கோலாலம்பூர், ஆகஸ்டு கடைசி. நானும் மல்லிகாவும் தேர்வு. ஒரு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை.

மல்லிகா ஆவடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பலகையில் எனக்கு எதிரே உட்காருபவள் அவள்தான். போனில் அழுதாள். நான் அழவில்லை, டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சிரித்தேன். பக்கத்துக் குழாயில் நின்றவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

தேவை: பாஸ்போர்ட் (உண்டு, முத்திரை ஒன்றுமில்லாமல் கன்னி கழியாமல் கிடக்கிறது). போட்டோ. லீவு. பயணக் காப்பீடு, பெரிய நோய் இருந்தால் அதையும் சேர்த்து. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் தராவிட்டால் வேறு ஆள்.

அந்தக் காப்பீட்டு வரி எனக்கென்றே எழுதியது போல. எட்டு வருடம் முன்பு இதய வால்வு ஒன்றை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன், நின்றுகொண்டே வருகிறேன்.

போவேன். எழுதி வைக்கிறேன். போவேன்.

ஜூன் 5, வியாழன்

வேலை விட்டு நேராக, காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர். இவரும் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். உலகத்தில் எதற்கும் ஒரு குறுக்குச் சந்து உண்டு என்பது இவர் நம்பிக்கை.

சென்டர்காரன் பேர், வயது எல்லாம் தட்டினான். ‘இதய நோய் உண்டா’ என்று வந்தது. என்னைக் கேட்காமலே ‘இல்லை’யில் வைத்தான். மாற்று என்றேன். எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றான். இவரும் அவன் பக்கம்.

“ஆப்ரேசன் பண்ணி சரியாயிட்ச்சு. அப்பறம் இன்னாமே நோவு? மிஷின் ரிப்பேராச்சு, பார்ட்டு மாத்தியாச்சு, ஓடிகினு கீது.”

என் மார்பு நடுவே ஒரு சாண் தழும்பு. மலேசியாவில் மயங்கி விழுந்தால் சட்டையைத் திறக்கிற முதல் டாக்டரே பார்த்துவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். அப்புறம் கம்பெனி கையை விரிக்கும், இவர் ஆட்டோவை விற்று, இருக்கிற வீட்டையும் விற்று என்னை மீட்க வேண்டும். அது நடக்கக் கூடாது. ‘உண்டு’ என்று போடச் சொன்னேன்.

போட்டான். ‘மன்னிக்கவும்’ என்று வந்து திரையே அணைந்துவிட்டது.

  ராத்திரிக்கு உப்புமா.

ஜூன் 7, சனி

லீவு போட்டு உட்கார்ந்து போன். காது சூடாகிவிட்டது.

ஒரு கம்பெனி: வால்வு என்றதும் லைன் கட்.

இன்னொன்று: ‘இதயம் நீங்கலாக’ எல்லாவற்றுக்கும் தருவார்களாம். கால் உடைந்தால், பெட்டி தொலைந்தால், பல் வலித்தால். எனக்குப் பல் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. தலையை விட்டுவிட்டுக் காலுக்குக் குடை பிடிப்பானேன்.

இன்னொன்றில் பாட்டு மட்டும் போட்டார்கள்.

சாயங்காலம் போல ஒரு கம்பெனியில் ரேவதி என்று ஒரு பெண். ‘உலோக வால்வா மேடம், எந்த வால்வு?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கே அவளுக்குக் கோயில் கட்டலாம். விவரம்: டாக்டர் கடிதம், எக்கோ ரிப்போர்ட், அவர்களுடைய லேபில் ஒரு பரிசோதனை. மூன்று மாதமாகச் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. மாத்திரை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எனக்கு ஒரு வருடத்துக்கு மேலாக அதே மாத்திரை, அதே அளவு. இவ்வளவுதானா என்று இருந்தது. லேப் அடுத்த சனிக்கிழமை.

மல்லிகாவிடம் சொன்னேன். கேரம் பவுடர் டப்பா வாங்கி வைக்கச் சொன்னாள்.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். திருநின்றவூரிலிருந்து குணா அக்கா வந்திருக்கிறார், இவருடைய அக்கா. பரிசோதனை என்று தம்பி போனில் உளறியிருக்கிறார். கை நிறைய முருங்கைக்கீரை, தோட்டத்தில் ஒடித்தது.

“ஒடம்புல ரத்தம் இல்லாம போயி நின்னா எவன் குடுப்பான்? மூஞ்சப் பாரு, வெளுத்துகினு. சனிக்கெயம வரைக்கும் நாந்தான் ஆக்குவேன்.”

எனக்குக் கீரை ஆகாது. ஆகாது என்றால் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், ரத்தம் சீக்கிரம் உறையும். ஏதோ ஒரு நாள் ஒரு கரண்டி என்றால் பரவாயில்லை, அளவு மாறக் கூடாது என்று டாக்டர் எட்டு வருடமாகச் சொல்கிறார். அதையே அக்காவிடமும் சொன்னேன். கீரை தின்று செத்தவன் உண்டா என்றார்.

அடை வார்த்தார். முருங்கைக்கீரை அடை, ஓரம் முறுகலாக, மேலே வெண்ணெய். எட்டு வருடம். நாலு தின்றேன்.

ஜூன் 12, வியாழன்

நேற்று கீரைப் பொரியல், இன்று சூப். அக்கா மனசு நோகக் கூடாது என்று எழுதலாம். உண்மை: ருசியாக இருந்தது.

பயிற்சி நன்றாக இருந்தது. சிவப்புக் காயை இரண்டு தடவையும் நானே போட்டு, அதை உறுதிசெய்கிற ஃபாலோ காயும் எடுத்தேன்.

ஜூன் 14, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

லேபில் எல்லாம் சரி. எக்கோ சரி, ஹீமோகுளோபின்கூட சரி. ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்கிற கணக்கு, எனக்கு இரண்டரைக்குக் கீழே போகவே கூடாது. இன்று ஒன்று புள்ளி ஆறு.

நுணலும் தன் வாயால் கெடும். அக்காவை ஒன்றும் சொல்வதற்கில்லை, அடையை அவர் என் வாயில் திணிக்கவில்லை.

நேராக டாக்டரிடம். மெதுவாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. வால்வில் ரத்தம் கட்டினால் நேரே மூளைக்குப் போகும் என்றார். இரண்டு நாள் ஊசி, சில நாள் மாத்திரை கூட்ட வேண்டும். மாத்திரையைக் கூட்டினால் அது சிகிச்சையில் மாற்றம். ரேவதி சொன்னது காதில் ஒலித்தது.

இவருக்குக் குறுக்குச் சந்து தோன்றிவிட்டது. சீட்டில் எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள், நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. அதைவிட மோசமான ஆசையும் வந்தது: ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், கீரையை நிறுத்தினால் தானாகச் சரியாகாதா. பயந்துதான் போனேன், அப்படி நினைத்த என்னைப் பார்த்தே.

“எழுதுங்க சார்,” என்றேன். “ஏன் கூட்டுறீங்கன்னும் எழுதுங்க. கீரை சாப்பிட்டேன்னு எழுதுங்க.”

ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எஸ்டேட் சிக்னலில் பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்தும் இவர் நகரவில்லை.

ஜூன் 16, திங்கள்

வயிற்றில் ஊசி போட்ட இடம் நீலம். மழை வருவது போல் வந்து போய்விட்டது.

ரேவதிக்குப் போன். ஒன்றுவிடாமல் சொன்னேன், அடையின் எண்ணிக்கை உட்பட.  முருங்கைக்கீரையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் எழுதம்மா என்றேன். மேலதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும், நம்பிக்கை கொடுக்க முடியாது என்றாள். பொய் நம்பிக்கை தராததற்கு நன்றி சொன்னேன்.

மல்லிகாவிடம், வேறு ஜோடி பார்த்துக்கொள், பட்டாபிராமில் ஒருத்தி நன்றாக ஆடுகிறாள் என்றேன். நல்ல திட்டு கிடைத்தது.

“இன்னாடி பெரிய தியாகி. அவ பவுடர அள்ளி மூஞ்சில பூசிக்கிறவ. நீ வந்தா போலாம், இல்லாங்காட்டி நான் ஜாக்கெட் தச்சுகினு இங்கியே கெடக்கிறேன்.”

இப்போது இரண்டு பேர் பயணம் என் ரத்தத்தில் இருக்கிறது. சாப்பாட்டை நானே எடை போட்டுச் சாப்பிடுகிறேன். அக்கா கோபித்துக்கொண்டு திருநின்றவூர் போய்விட்டார். போகும்போது கண் கலங்கியிருந்தார். போன் செய்ய வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

ஐ.என்.ஆர். இரண்டு புள்ளி எட்டு. டாக்டர் பழைய அளவுக்கே திருப்பிவிட்டார். கடிதம் கொடுத்தார்: நோய் கூடவில்லை, உணவால் வந்த மாற்றம், சரிசெய்யப்பட்டது, பயணம் செய்யலாம். ‘நோயாளி தானே முன்வந்து தெரிவித்தார்’ என்று ஒரு வரி. அதைக் கேட்டு வாங்கவில்லை, அவரே எழுதியது.

ரேவதிக்கு அனுப்பியாச்சு. அக்காவுக்கும் போன் செய்தேன். ரத்தம் சரியாகிவிட்டது என்றதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. இவர் சட்டைக்குப் பட்டன். லீவுக் கடிதம் எழுதி வைக்க, தேதி போடாமல்.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. நான் கூப்பிட்டேன். மீட்டிங்காம்.

மாலை பயிற்சிக்குப் போனேன். போகாமல் இருந்தால் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். எளிதான காயைக்கூட விட்டேன். மல்லிகா காய்களை மறுபடி அடுக்கினாள். விடாமல் ஆடினோம், குறி தானாகத் திரும்பும் வரைக்கும்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று இரவு நல்ல மழை. தெருவெல்லாம் சேறு, ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் இவர் வீட்டில்.

காலை ரேவதி. கிடைத்துவிட்டது. இதயமும் சேர்த்து, அவசர சிகிச்சைக்கு. நிபந்தனை ஒன்று: கிளம்புவதற்கு முந்தின வாரம் மறுபடி ரத்தப் பரிசோதனை, கணக்கு தவறினால் செல்லாது. பிரீமியம் மற்றவர்களைவிடக் கூடுதல். சரி, சரி, எல்லாம் சரி என்றேன். 

போனை ஸ்பீக்கரில் போட்டு இவரையும் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ். அடுத்து, அங்கேயே இறக்க நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. கடமைக்குப் படிக்கிற குரலில்தான் படித்தாள். இவர் கையில் இருந்த டீ டம்ளர் அப்படியே நின்றுவிட்டது.

வாரிசு யார் என்று கேட்டாள். இவர் தலையை ஆட்டினார்.

“எம்பேரு போடாத. அந்தத் துட்டு எனக்கு வோணாம்.”

போட்டால்தான் விண்ணப்பம் நகரும் என்று சைகை காட்டிவிட்டு, இவர் பெயரைச் சொன்னேன். உறவு என்றாள். கணவர் என்றேன்.

வேறு சந்தேகம் உண்டா மேடம் என்று ரேவதி கேட்டாள். இல்லை என்று சொல்வதற்குள் இவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஏம்மா, இந்தத் துட்டுல ஒன்னியும் வாங்காம, இவ பாட்டுக்கு ஆடிட்டு திரும்பி வந்துட்டா, உங்களுக்கு ஒன்னியும் கோவம் இல்லியே?”

ரேவதி சிரிக்கவில்லை.

“அப்படி வரத்தான் சார் எல்லாருமே எடுக்குறாங்க,” என்றாள்.